ஏக்கருக்கு ஒரு பவுண்டு: அடிலெய்டு நகர எல்லைக்கு வெளியே நிலம் விற்ற சேவை – ஒரு மதிப்புரை

தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆணையம் 1835இல் லண்டனில் ஒரு நிலச் சீட்டு விற்றது. விலை 81 பவுண்டு. அந்தச் சீட்டுக்கு, இனிமேல் அமையப்போகும் தலைநகருக்குள் 1 ஏக்கர் மனையும், நகர எல்லைக்கு வெளியே 134 ஏக்கர் நாட்டுப்புற நிலமும் உண்டு. வாங்கியவர்கள் நிலத்தைப் பார்த்ததில்லை. விற்றவர்களும் பார்த்ததில்லை. தலைநகர் எந்த இடத்தில் வரும் என்பதுகூட அப்போது முடிவாகவில்லை. அப்படியும் 437 சீட்டுகள் விற்றன. அடிலெய்டு என்ற ஊர் எழுந்தது அந்தப் பணத்தில்தான்.

நகரத்துக்குள் இருந்த அந்த ஒரு ஏக்கரைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. இங்கே நாங்கள் எடைபோடுவது வெளியே இருந்த 134 ஏக்கரையும், அதன் பிறகு விற்கப்பட்ட 80 ஏக்கர் பிரிவுகளையும்தான். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடல்கடந்து ஆள் அனுப்பும் ஏற்பாடாக இந்தச் சேவை வேலை செய்தது. நிலத்தை அளந்து கையில் கொடுக்கும் சேவையாகப் பார்த்தால் மோசம். விலை வைக்கும் முறையில் அடிப்படையிலேயே கோளாறு: ஏக்கருக்கு ஏக்கர் ஒரே விலை என்று வைத்ததால், உண்மையான விலை பணத்தில் தெரியாமல் தேர்வு வரிசையில் போய் ஒளிந்துகொண்டது. முதலில் கைவைத்தவருக்கு அதே ஒரு பவுண்டில் ஆற்றங்கரை. கடைசியில் வந்தவருக்கு அதே ஒரு பவுண்டில் பாறைச் சரிவு.

விலை எங்கிருந்து வந்தது

இந்த விலைக்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. 1829இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்தில், கொண்டுவரும் முதலீட்டில் ஒவ்வொரு 3 பவுண்டுக்கும் 40 ஏக்கர் கொடுத்தார்கள். ஏக்கருக்கு ஒன்றரை ஷில்லிங் என்று கணக்கு. (1 பவுண்டு 20 ஷில்லிங்.) நிலம் மலிந்தது, உழைக்கும் கை அருகியது. தாமஸ் பீல் என்ற முதலீட்டாளர் ஆட்களையும் பொருள்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். வந்த ஆட்கள் கலைந்து போனார்கள், பொருள்கள் கடற்கரையில் வீணாயின.

எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டு இதிலிருந்து ஒரு கோட்பாடு வகுத்தார். அரசு நிலத்துக்குப் 'போதுமான விலை' வைக்க வேண்டும். கூலியாள் வந்திறங்கிய உடனே சொந்த நிலம் வாங்கிவிடாதபடி, சில ஆண்டுகள் கூலிக்கு உழைத்துச் சேர்த்த பிறகே வாங்கும்படி அந்த விலை இருக்க வேண்டும். விற்ற பணம் முழுவதும் அடுத்த கூலியாள்களின் கப்பல் செலவுக்குப் போக வேண்டும். இதைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். இந்த விலைக்கும் மண்ணின் விளைச்சலுக்கும் தொடர்பே இல்லை. ஓர் உழைப்பாளியை எத்தனை ஆண்டு காக்கவைப்பது என்பதற்கான அளவுகோல் இது. எத்தனை பவுண்டு என்றால் 'போதும்' என்பதை வேக்ஃபீல்டு கடைசிவரை ஓர் எண்ணாகச் சொல்லவில்லை. ஆணையம் வைத்த விலை போதாது என்று மட்டும் சண்டையிட்டுப் பிரிந்தார்.

1834 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இதையே விதியாக்கியது. ஏக்கர் 12 ஷில்லிங்குக்குக் குறையக் கூடாது. வாங்கும் அளவு எதுவானாலும், நிலம் எங்கே இருந்தாலும், ஒரே நேரத்தில் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும். நிலம் விற்ற பணம் குடியேற்ற நிதிக்கு மட்டுமே. 35,000 பவுண்டுக்கு நிலம் விற்று, 20,000 பவுண்டு பிணைத்தொகையும் கட்டிய பிறகுதான் குடியேற்றமே தொடங்கலாம்.

ஆணையம் முதலில் வைத்தது ஏக்கருக்கு 20 ஷில்லிங். வெளியே 80 ஏக்கர், நகரத்தில் 1 ஏக்கர், ஆக 81 பவுண்டு. விற்பனை நகரவில்லை. ஏக்கர் விலையை 12 ஷில்லிங்குக்கு இறக்கினார்கள். ஆனால் சீட்டின் விலையைத் தொடாமல் நிலத்தைக் கூட்டினார்கள்: 134 + 1 = 135 ஏக்கர், 135 × 12 = 1,620 ஷில்லிங், அதே 81 பவுண்டு. முன்பே 81 கட்டியவருக்கும் இப்போது கட்டுபவருக்கும் ஒரே சீட்டு என்பதால் யாருக்கும் குறையில்லை. கணக்கு வேலையாக இது சுத்தமானது, பாராட்டலாம். வணிகர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸும் கூட்டாளிகளும் 102 சீட்டு, அதாவது 13,770 ஏக்கர், ஒரே மூச்சில் எடுத்தார்கள். அதிலிருந்துதான் தென் ஆஸ்திரேலியக் கம்பெனி வளர்ந்தது. 437 சீட்டுக்கு 35,397 பவுண்டு சேர்ந்து, சட்டம் கேட்ட தொகை நிறைந்தது. இலக்கு எட்டியதும் விலை மீண்டும் 20 ஷில்லிங்குக்கு ஏறியது. இனி நகர மனை சேராது, 80 ஏக்கர் பிரிவு 80 பவுண்டு.

முதல் சீட்டுகளில் நகர மனை ஓர் இனாம் போலத்தான் ஒட்டியிருந்தது. 12 ஷில்லிங் விலையில் சேர்ந்த அந்த ஒரு ஏக்கர், 1837 மார்ச் ஏலத்தில் ஏறக்குறைய 6 பவுண்டு சராசரியில் போனது. அந்தப் பயனைக் கழித்துப் பார்த்தால், முதல் சீட்டுக்காரருக்கு வெளி நிலம் ஏக்கருக்கு 12 ஷில்லிங்குக்கும் குறைவாகவே விழுந்தது. பின்னால் 80 ஏக்கர் வாங்கியவருக்கு அப்படி ஒரு தள்ளுபடியும் இல்லை.

சீட்டிலிருந்து நிலம்வரை

வாங்கும் படிகள் இவை. லண்டனில் பணம் கட்டினால் சீட்டு கையில் வரும். அதில் இடமோ எல்லையோ எதுவும் இருக்காது. இத்தனை ஏக்கருக்கு உரிமை என்று மட்டும் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் நகர மனைக்கான தேர்வு. எந்தச் சீட்டுக்காரர் முதலில், யார் அடுத்து என்பது குலுக்கலில் முடிவாகும். அதன் பின் வெளி நிலத்தை அளந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அளந்தானதும் அதற்குத் தனியாக வரிசை. உங்கள் முறை வரும்போது வரைபடத்தில் ஒரு பிரிவு எண்ணைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். இந்த எண் கைக்கு வரும்வரை வேலி போட முடியாது, கலப்பை வைக்க முடியாது, வங்கியிடம் அடகும் வைக்க முடியாது.

நகர அளவை விரைவாக முடிந்தது. தலைமை நில அளவையர் கர்னல் வில்லியம் லைட் 1837 ஜனவரி 11இல் தொடங்கி மார்ச் 10இல் முடித்தார். இரண்டே மாதத்தில் 1,042 மனைகள். (பினாங்குக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகன் இவர். தமிழர்கள் தொடக்கத்திலிருந்தே வாழ்ந்த அந்தத் தீவில் சிறுவயதைக் கழித்தவர்.) வெளி நில அளவைதான் இழுத்தது. முதல் சீட்டுக்காரர்கள் நாட்டுப்புறப் பிரிவுகளைத் தேர்ந்தெடுக்க 1838 மே வரை ஆனது. 1835இல் கட்டிய பணத்துக்கு இரண்டரை ஆண்டு வட்டி போனது, ஒரு மூட்டை கோதுமை விளையவில்லை. வந்தவர்கள் நகரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த மூலதனத்தைத் தின்றார்கள், இல்லையென்றால் நகர மனைகளை ஒருவருக்கொருவர் விற்று விலையை ஏற்றினார்கள். இந்தச் சேவையில் மன்னிக்க முடியாத குறை இதுதான். அளக்காத நிலத்தை விற்றால், வாங்கியவர் உழவராக இருக்க முடியாது, சீட்டு வியாபாரியாகத்தான் இருக்க முடியும்.

ஏன் இழுத்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பழி பெரும்பாலும் லைட்டின் மேல் விழுந்தது. அன்றைய அளவைக் கருவி 66 அடிச் சங்கிலி, 100 கண்ணிகள் கொண்டது. 10 சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக 80 ஏக்கர் பிரிவு என்றால் 20 சங்கிலி அகலம், 40 சங்கிலி நீளம் என்று வெட்டலாம். சமவெளியில் இது எளிது. ஆனால் சங்கிலி தேயும், வளையங்கள் இழுபடும். ஒரு கண்ணி அளவு நீண்டுபோன சங்கிலியைத் திருத்தாமல் அளந்தால் நீளத்தில் நூற்றுக்கு ஒன்று கூடும், பரப்பில் இரண்டு கூடும்: 80 ஏக்கர் என்று எழுதிய துண்டு தரையில் 81.6 ஏக்கராக இருக்கும். பக்கத்துப் பிரிவுக்காரருக்கு அந்த அளவு குறையும். மலைச் சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்க வைத்து அளந்தால் எதிர்ப்பக்கமாகத் தப்பும். 15 பாகைச் சரிவில், சரிவுவாக்கில் ஓடும் பக்கம் மட்டத்தில் மூன்றரை விழுக்காடு குறைவாக வரும். 80 என்று பணம் கட்டியவருக்கு வரைபடத்தில் 77 ஏக்கர்தான். மவுண்ட் லாஃப்டி மலைத்தொடர் அடிலெய்டின் முதுகிலேயே நிற்பதால், இது வெறும் ஏட்டுக் கணக்காக நிற்காது.

இந்தப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறாமலிருக்க லைட் முக்கோண அளவை முறையைப் பிடித்தார். தொலைவிலுள்ள குறிகளைக் கோணக் கருவியால் இணைத்து, முக்கோணங்களாகச் சட்டம் கட்டி, அதற்குள் சங்கிலி போடுவது. ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆணையம் அவருக்குப் போதிய ஆள் கொடுக்கவில்லை. கூடுதல் ஆள் கேட்கத் துணை அளவையர் கிங்ஸ்டன் லண்டனுக்குப் போனார். 1838 ஜூனில் அவர் கொண்டுவந்ததோ, முக்கோணத்தை விட்டுவிட்டு ஓட்ட அளவை செய் என்ற ஆணை. ஒரு கோட்டில் தொடங்கிச் சங்கிலியை இழுத்துக்கொண்டே போவது அது. முதல் பிரிவில் விழுந்த பிழை கடைசிப் பிரிவுவரை கூடவே வரும். லைட் பதவி விலகினார், அவருடைய அளவையர்களில் ஏறக்குறைய எல்லோரும் அவரோடு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே அவர் இறந்தும் போனார். எங்கள் பார்வையில் அவர் சொன்னதுதான் சரி. விலையை ஒன்றாக வைத்தவர்கள் அளவையிலாவது துல்லியம் காட்டியிருக்க வேண்டும்.

நிர்வாகத்திலும் இரண்டு தலை. நிலம் உள்ளூர் ஆணையர் ஜேம்ஸ் ஹர்ட்டில் ஃபிஷரின் கையில், மற்றதெல்லாம் ஆளுநர் ஹிண்ட்மார்ஷின் கையில். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1838 அக்டோபரில் புதிய ஆளுநராகக் காலர் வந்தபோதுதான் இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் வந்தன.

எல்லைக்கோட்டில் நடந்தது

ஒரே விலை எங்கே உடைந்தது என்பதைப் பார்க்க, லைட் வரைந்த நகரத்தின் ஓரத்துக்குப் போக வேண்டும். மனைகளைச் சுற்றிலும் யாருக்கும் விற்காத பூங்கா நிலம் ஒரு வளையமாக விடப்பட்டது. அந்த வளையத்தைத் தாண்டினால் நாட்டுப்புறம். அதாவது, வளையத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்த 134 ஏக்கரும், மலைக்குள் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் இருந்த 134 ஏக்கரும், சட்டப்படி ஒரே பண்டம். நஞ்சை, புஞ்சை, ஆற்றோரம், மேட்டுக்காடு என்ற தரப்பிரிப்பு எதுவும் இல்லை.

வரிசையில் முன்னே இருந்தவர்கள் வளையத்தை ஒட்டிய பிரிவுகளைத்தான் தொட்டார்கள், உழுவதற்காக அல்ல. லைட் எடுத்த 1ஆம் எண் பிரிவில் தெபார்ட்டன் எழுந்தது. ஆளுநர் ஹிண்ட்மார்ஷின் 353ஆம் பிரிவு 1838இலேயே மனைகளாகப் பிரிக்கப்பட்டு அவர் பெயரிலேயே ஊரானது. அதை ஒட்டிய பவ்டன், நில விற்பனையைக் கவனித்த ஃபிஷரின் பிரிவில் வந்தது. ஏக்கர் கணக்கில் ஷில்லிங்குக்கு வாங்கியதை, நம் கணக்கில் சொன்னால் சென்ட் கணக்கில் விற்றார்கள். வாங்கியவர்கள் யார்? குடியேற்ற நிதியில் இலவசமாகக் கப்பலேறி வந்த கூலியாள்களும் கைவினைஞர்களும்தான். 80 ஏக்கரை ஒரே கட்டாக 80 பவுண்டு கொடுத்து அவர்களால் வாங்க முடியாது. அதைவிடச் சிறிய துண்டு அரசிடம் கிடைக்காது. எனவே நகர எல்லைக்கு வெளியே ஒரு சிறு மனையைத் தனியாரிடம், அரசு விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கினார்கள். உழைப்பாளியை நிலத்திலிருந்து தள்ளிவைக்கத்தான் இந்த விலையே வந்தது. தள்ளிவைக்கவில்லை. அவருடைய சேமிப்பை அரசின் குடியேற்ற நிதிக்குப் பதிலாக, வரிசையில் முன்னே நின்றவரின் பைக்குத் திருப்பிவிட்டது.

இது நகரத்தை ஒட்டி மட்டும் நடக்கவில்லை. 1839இல் 'சிறப்பு அளவை' என்ற புதுச் சரக்கு வந்தது. 4,000 பவுண்டை மொத்தமாகக் கட்டினால், நீங்கள் சொல்லும் இடத்தில் 15,000 ஏக்கரை அரசே அளந்து தரும். அதிலிருந்து உங்களுக்குப் பிடித்த 4,000 ஏக்கரை வேறு யாருக்கும் முன்பாக எடுத்துக்கொள்ளலாம். ஏக்கர் விலை அதே ஒரு பவுண்டுதான். ஆனால் வறண்ட நாட்டில் நிலத்தை ஆள்வது தண்ணீர். 4,000 ஏக்கரை ஓடைக் கரையோரமாகத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துவிட்டால், மீதி 11,000 ஏக்கருக்குத் தண்ணீர் எட்டாது. அதை ஒரு பவுண்டுக்கு வேறு யாரும் கேட்கப் போவதில்லை. 4,000 ஏக்கருக்கான விலையில் 15,000 ஏக்கரின் ஆட்சி. ஆங்கஸின் முகவர் சார்லஸ் ஃப்ளாக்ஸ்மன் பரோசா பக்கம் இப்படி ஏழு அளவைகளை எடுத்தார்: 28,000 ஏக்கர், 28,000 பவுண்டு.

மவுண்ட் பார்க்கரில் சிறப்பு அளவை எடுத்தவர்கள், மத நெருக்கடியால் பிரஷ்யாவிலிருந்து வந்த லூத்தரன் உழவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். ஹான்டார்ஃப் கிராமம் அப்படித்தான் 1839இல் வந்தது. அவர்களுக்குச் சொன்ன விலை ஏக்கர் 7 பவுண்டு. கடன் வசதியும் தொடக்கத்தில் கைகொடுப்பும் கிடைத்தன என்பது உண்மை. அப்படியும், அரசின் ஒரு பவுண்டு எவ்வளவு தூரம் உண்மை விலையைச் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம்.

பணம் போன வழி

நிலப் பணம் முழுவதும் ஆள் அனுப்பவே என்ற விதி நல்ல நோக்கம்தான். ஆனால் அளவையர் சம்பளம், சாலை, துறைமுகம், அரசு நடத்தும் செலவு எதற்கும் அதில் கைவைக்க முடியாது. அதற்கெல்லாம் கடன். நிலம் எவ்வளவு வேகமாக விற்கிறதோ அவ்வளவு வேகமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், அளக்கும் வேலை அவ்வளவுக்குப் பின்தங்கும். அளக்காததால் பண்ணை வேலை இல்லை, வேலை இல்லாததால் அரசே கட்டட வேலை கொடுத்துச் சோறு போட வேண்டும். காலர் அதைத்தான் செய்தார். லண்டன் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பிய உண்டியல் சீட்டுகள் பணமாகாமல் திரும்பின. 1841இல் அவரைத் திரும்ப அழைத்து ஜார்ஜ் கிரேயை அனுப்பினார்கள். நாடாளுமன்றம் 155,000 பவுண்டு கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. காலர் ஊதாரி என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு பவுண்டில் ஒரு காசுகூட அளவைக்கு ஒதுக்காத விலைப்பட்டியலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் 1850இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி குடியேற்றம் போட்ட பில்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளி நிலம் ஏக்கர் 3 பவுண்டு. விலை கூடுதல்தான், ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்தே சொன்னார்கள்: நிலத்துக்கு 10 ஷில்லிங், அளவை முதலிய செலவுகளுக்கு 10 ஷில்லிங், ஆள் அனுப்ப 1 பவுண்டு, தேவாலயத்துக்கும் கல்விக்கும் 1 பவுண்டு. அளவைக்குத் தனிக் கணக்கு வைத்தது ஒன்றே அதை அடிலெய்டு சீட்டைவிட மேம்பட்ட சரக்காக்குகிறது. அதே நியூசிலாந்தில் அதற்கு முன் வந்தவை மோசமான நகல்கள். வெலிங்டனுக்கு 1839இல் 1 நகர ஏக்கரும் 100 வெளி ஏக்கரும் 101 பவுண்டுக்கு விற்றார்கள், லண்டனிலேயே குலுக்கலும் போட்டார்கள். மாவோரி மக்களிடமிருந்து நிலம் முறையாகக் கைமாறும் முன்பே இது நடந்தது. நெல்சனில் 300 பவுண்டுக்கு 1 நகர ஏக்கர், 50 புறநகர் ஏக்கர், 150 வெளி ஏக்கர். நடுவில் புறநகர் என்று ஒரு தரம் சேர்த்தது நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொருவருக்கும் 150 ஏக்கர் கொடுக்கப் பக்கத்தில் சமநிலமே போதவில்லை. மாவோரிகள் விற்காத வைராவ் சமவெளியை அளக்கப் போனதில் 1843 ஜூனில் மோதல் வந்து இரு பக்கமும் உயிர்கள் போயின.

1842இன் திருத்தம்

ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் எல்லாவற்றுக்கும் 1842இல் வந்த தரிசுநிலச் சட்டத்தை, இந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பைவிட இது தெளிவாகவே மேல். நிலத்தை நகரம், புறநகர், நாட்டுப்புறம் என்று மூன்றாகப் பிரித்தது. நகரத்திலிருந்து 5 மைலுக்குள் இருப்பது புறநகர். ஆக, நகர எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் ஒரே பண்டம் என்ற பொய் போயிற்று. எல்லா நிலமும் முதலில் ஏலத்துக்கு வர வேண்டும், தொடக்கக் கேள்வி ஏக்கர் 1 பவுண்டு. ஏலத்தில் போகாத நாட்டுப்புற நிலத்தை அதன் பின் அதே தொடக்க விலைக்குக் கேட்டு வாங்கலாம். ஏலம் எடுத்தவர் பத்தில் ஒரு பங்கு உடனே கட்டி, மீதியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போச்சு.

ஒரு பவுண்டு என்ற அடிமட்ட விலை மட்டும் அப்படியே இருந்தது. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 'மல்லீ' எனப்படும் குட்டை யூக்கலிப்டஸ் புதர்க்காடும் மணல்மேடும் அந்த விலைக்கு ஒருபோதும் போகாது. அப்படிப்பட்ட நிலத்தை வாங்குபவர் இல்லாமல், ஆடு மேய்ப்பவர்கள்தான் அனுபவித்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 20,000 ஏக்கருக்குக் குறையாத மொத்த நிலத்தை ஏலம் இல்லாமல், நேரடியாக ஒரு பவுண்டு விலையில் வாங்கலாம். இந்த ஓட்டையின் அருமையைத் தாமிரம் காட்டியது. கப்புண்டாவில் தாமிரத்தைக் கண்ட பாகட்டும் டட்டனும் வாயைத் திறக்காமல் 80 ஏக்கரை அளக்கச் சொல்லி, 80 பவுண்டுக்கே எடுத்தார்கள். ஊருக்குத் தெரிந்த பிறகு பக்கத்திலேயே 100 ஏக்கர் வாங்க அவர்களே 2,210 பவுண்டு கொடுக்க வேண்டிவந்தது. ஏலம் செய்யும் வேலை அதுதான். அறிவு பரவியிருந்தால் விலையை உண்மைக்குக் கொண்டுபோகும், பரவாவிட்டால் வாயை மூடியவருக்கு லாபம்.

1845இல் பர்ராவில் தாமிரம் தெரிந்தபோது ரகசியம் நிற்கவில்லை. ஏலத்துக்கு விட்டால் விலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எனவே 20,000 ஏக்கர் கணக்கில் நேரடியாக வாங்குவதுதான் வழி. கிரே ரொக்கமாகவே கேட்டார். அடிலெய்டு கடைக்காரர்கள் ஒரு கூட்டம், பணக்காரர்கள் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் ஆகாது. தனித்தனியாக 20,000 பவுண்டு ரொக்கம் திரட்ட இருவராலும் முடியவில்லை. ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு வாங்கி, நிலத்தை நடுவில் கோடு போட்டு வடக்கு, தெற்கு என்று பிரித்து, குலுக்கிப் பங்கு போட்டார்கள். வடக்கு கடைக்காரர்களுக்கு விழுந்தது. பர்ரா பர்ரா சுரங்கம் அங்கே எழுந்து 1877வரை ஓடியது. தெற்குப் பாதியில் பிரின்சஸ் ராயல் சுரங்கம் கையைச் சுட்டது. ஏக்கர் விலை இரு பாதிக்கும் ஒன்றுதான். இங்கேயும் தீர்மானித்தது குலுக்கலே.

மெல்பர்ன் பக்கம் இதே ஒரு பவுண்டு சிறிது காலம் வேறு வடிவில் ஓடியது. 5,120 பவுண்டு கட்டினால் 8 சதுர மைல். 1841இல் ஹென்றி டெண்டி அந்தச் சீட்டோடு வந்திறங்கியபோது நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் கிப்ஸ், நகரத்திலிருந்து 5 மைலுக்கு அப்பால்தான் எடுக்க வேண்டும் என்று கோடு கிழித்தார். நகரத்தை ஒட்டிய நிலம் ஏலத்தில் ஒரு பவுண்டுக்கு எவ்வளவோ மேலே போய்க்கொண்டிருந்ததால் அது சரியான தற்காப்பு. டெண்டி கடலோரத்தில் பிரைட்டனை எடுத்தார். இடம் அருமை. ஆனால் அடுத்து வந்த மந்தத்தில் எல்லாம் கைநழுவியது. வாங்கும் விலைக்கு மட்டும் பணம் வைத்திருந்து, வேலி, கிணறு, மாடு, இரண்டு வெள்ளாமைக் காலச் சாப்பாடு இவற்றுக்கு மிச்சம் வைக்காதவருக்கு ஒரு பவுண்டு நிலமும் பாரம்தான்.

பட்டியலில் இல்லாத விலை

இந்தச் சேவையின் விற்பனைப் பொருள் பூர்வகுடிகளான காவ்னா மக்களின் நாடு. மலைக்கு அந்தப் பக்கம் பெராமங்க், பர்ரா பக்கம் ஙஜூரி. 1836 பிப்ரவரியில் அரசர் வெளியிட்ட உரிமைப் பத்திரம், அங்கே வாழும் மக்களும் அவர்கள் வழிவந்தோரும் தங்கள் நிலத்தில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படாது என்று எழுத்திலேயே உறுதி சொன்னது. ஆணையமோ அந்த நிலத்தை ஆளில்லாத தரிசு என்று வைத்து விற்றது. 12 ஷில்லிங்கிலும் சரி, ஒரு பவுண்டிலும் சரி, நிலத்துக்கு உரியவர்களுக்கென்று ஒரு பென்னி ஒதுக்கப்படவில்லை. வேக்ஃபீல்டின் கோட்பாட்டில் கூலியாளுக்கு ஓர் இடம் உண்டு, முதலாளிக்கு ஓர் இடம் உண்டு. இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மற்றக் குறைகளை நிர்வாகத் தவறு என்று சொல்லலாம், இதை அப்படிச் சொல்ல முடியாது.

விற்பனைக்குப் பின்

முதல் இருபது ஆண்டில் சீட்டுகளும் பிரிவுகளும் இவ்வளவு கைமாறியதில் பத்திரங்கள் தாறுமாறாயின. மூலப் பத்திரம் காணாமல் போனது, இடையில் ஒரு கைமாற்றம் பதிவாகாமல் போனது என்று ஒவ்வொரு விற்பனைக்கும் வக்கீல் தொடக்கத்திலிருந்து ஆராய வேண்டியிருந்தது. ஆணையத்தின் தலைவராக இருந்த ராபர்ட் டோரன்ஸின் மகன் ராபர்ட் ரிச்சர்டு டோரன்ஸ் கொண்டுவந்த சட்டம் 1858 ஜூலை 2இல் நடப்புக்கு வந்தது. அதன்படி உரிமைக்குச் சான்று பத்திரச் சங்கிலி அல்ல, அரசுப் பதிவேடு. பதிவேட்டில் பெயர் ஏறினால் உரிமை உங்களுடையது, அதற்கு அரசு பொறுப்பு. இந்தச் சேவையிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது இதைத்தான். மலேசியா, சிங்கப்பூரில் சொத்து வாங்கும் தமிழர்கள் இன்று கையில் வாங்கும் உரிமைச் சான்றும் இதே முறையின் வழிவந்தது.

அடிலெய்டில் வீடு வாங்குபவர் பழைய ஆவணங்களைப் புரட்டினால், மனை எண்ணுக்குப் பின்னால் பிரிவு எண்ணும் அது அடங்கிய 'ஹண்ட்ரட்' என்ற நில அளவை வட்டத்தின் பெயரும் வரும். ஹிண்ட்மார்ஷ் பகுதி என்றால் யட்டாலா ஹண்ட்ரட், பிரிவு 353. அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போனால், அது முதல் சீட்டின் 134 ஏக்கரா, ஒரு பவுண்டுக் காலத்து 80 ஏக்கரா, அல்லது யாரோ ஓடையை ஒட்டிப் பொறுக்கிய சிறப்பு அளவையின் துண்டா என்பது தெரியவரும்.